ட்யூனில் உட்காராத வார்த்தை

என் புருஷன் செத்து ஆறு வருஷம் கழித்து ஊரே அவரைப் பாடத் தொடங்கியது. பேருந்தில் பாடினார்கள், முடிவெட்டும் கடையில் பாடினார்கள், எங்கள் கடைக்கு ஜிப் மாற்ற வந்த பையன்கள் கவுண்டரில் விரலால் தட்டிக்கொண்டே பாடினார்கள். 'நின்றான்' என்று வரும் இடத்தில் எல்லோரும் இரண்டு தட்டு தட்டுவார்கள். டம், டம். அப்படித் தட்டிய ஒருவனுடைய பேன்ட்டை வேண்டுமென்றே ஒரு நாள் தாமதமாகக் கொடுத்தேன். அவன் பாவம், ஒன்றும் செய்யவில்லை. ஆனால் எனக்குக் கோபம் வந்தால் யாராவது ஒருத்தன் மாட்டியாக வேண்டும். என் சுபாவம் அப்படி.

அந்தப் பாட்டை எழுதியது நான்தான். சரியாகச் சொன்னால், அது பாட்டாக ஆவதற்கு முன்னால் கவிதையாக இருந்தபோது எழுதியது நான்.

நான் ஆல்டரேஷன் கடையில் வேலை பார்க்கிறேன். புதுத்துணி தைக்கிற கடை இல்லை. யாரோ எங்கேயோ தைத்ததைக் கொண்டுவருவார்கள், நாங்கள் நீளத்தைக் குறைப்போம், இடுப்பைப் பிடிப்போம், தோளை ஏற்றுவோம். இரண்டு மெஷின், ஒரு இஸ்திரி மேஜை, திரை போட்ட ஒரு மூலை, அதற்குள் ஆளுயரக் கண்ணாடி. மனிதர்கள் அந்தக் கண்ணாடி முன்னால் நின்று வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு, "இப்பப் பிடிங்க" என்பார்கள். மூச்சு விட்டதும் பட்டன் தெறிக்கும் என்று சொன்னால் கேட்கமாட்டார்கள். முதலாளியம்மா நாளெல்லாம் ரேடியோ வைத்திருப்பாள். அந்தப் பாட்டை நான் முதலில் கேட்டது அந்த ரேடியோவில்தான்.

போர் எங்கள் ஊருக்குள் வரவில்லை. ஆற்றுக்கு அக்கரை வரைக்கும் வந்து, அங்கேயே இழுத்துக்கொண்டு கிடந்து, ஒரு நாள் முடிந்துபோனது. வீட்டுக்கு ஒருவர் என்று கூட்டிப்போனபோது எங்கள் வீட்டில் போவதற்கு அவர் ஒருவர்தான் இருந்தார். லிஃப்ட் மெக்கானிக். மாடிக்கும் மாடிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவர்களிடம், "பதறாதீங்க, இதோ வந்துட்டேன்" என்று கீழேயிருந்து குரல் கொடுப்பதுதான் அவர் தொழிலில் பாதி. மற்றபடி பேசுகிற ஆளே இல்லை. கல்யாணமான பிறகு இருந்த கொஞ்ச காலத்தில், என்னைப் பிடித்திருக்கிறது என்று ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. சாப்பாடு எப்படி என்று கேட்டால் தட்டைக் கழுவி வைப்பார். அதுதான் பதில்.

அக்கரை முகாமிலிருந்து, செருப்பைக்கூட மாட்டாமல், அவர் ஓடிவிட்டார். ஆற்றுப் பாலத்தின் மேல் வைத்துச் சுட்டுவிட்டார்கள். சுட்டது எதிரி இல்லை, நம்முடைய ஆட்கள்தான். அவரோடு இருந்த ஒருவன் சில வாரம் கழித்து வந்து கதவோரம் நின்றபடியே இதைச் சொல்லிவிட்டு, தண்ணீர்கூட வாங்கிக் குடிக்காமல் போனான். உடலைத் தரவில்லை. 'ஓடிப்போனவர்' என்ற ஒரு சொல்லோடு எல்லாம் முடிந்தது.

தெருவுக்கு அந்த ஒரு சொல் போதுமானதாக இருந்தது. என் மாமியார், நான் அத்தை என்று கூப்பிடுகிறவள், சாயங்காலம் தெருமுனை பெஞ்சில் போய் உட்காருவாள். அவள் உட்கார்ந்ததும் மற்ற பெண்களுக்கு ஒவ்வொருத்தியாக அடுப்பில் வைத்தது ஞாபகம் வரும். அத்தனை வீட்டிலும் ஒரே நேரத்தில் பால் பொங்கும். கொஞ்ச நாளில் அத்தை பெஞ்சுக்குப் போவதை நிறுத்தினாள். பிறகு கடைக்குப் போவதானாலும் பின்வாசல் வழியாகத்தான்.

எனக்கு அந்தச் சொல்லில் வெட்கம் இருந்ததில்லை. ஒருநாள் மதியம், கடையில் ஆளில்லாத நேரத்தில், அளவு வெட்டுகிற பிரவுன் தாளில் சாக்குக்கட்டியால் எழுதினேன்:

பாலம்வரை ஓடினான்
செருப்பை விட்டு ஓடினான்
நாட்டுக்கு முதுகு
வீட்டுக்கு முகம்
ஓடினான்

அவ்வளவுதான். ஒரு சின்னப் பத்திரிகையில் வந்தது. பத்துப் பேர் படித்திருந்தால் அதிகம். எனக்கு அது போதும். வாய் திறக்காத மனுஷன் என்னைப் பார்க்க ஓடி வந்தார், அந்த ஓட்டம்தான் அவர் எனக்குச் சொன்ன ஒரே வார்த்தை, அதை நான் எழுதி வைத்துவிட்டேன். வேறு சொத்து எனக்குக் கிடையாது.

என் தம்பி செல்போன் ரிப்பேர் கடையில் வேலை பார்க்கிறான். சாயங்காலமானால் கிட்டார். அவனும் கூட்டாளிகளும் சேர்ந்து நடத்துகிற ராக் குழுவுக்குப் பெயர் 'கரண்ட் கட்'. பாடுகிறவனுக்குப் பட்டப்பெயர் தொண்டை. அவன் அம்மா வைத்த பெயரில் கூப்பிட்டால் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டான். ஒருநாள் தம்பி வீட்டுக்கு வந்து, "அக்கா, உன் கவிதையை சிங்கிளா போடறோம்" என்றான்.

சமையலறையிலிருந்து அத்தை கேட்டாள். "சிங்கிள்னா?"

"ஒத்தப் பாட்டு, அத்தை. ஆல்பம் இல்லாம தனியா விடறது."

"ஏன் தனியா விடறீங்க? துணைக்கு இன்னொண்ணையும் சேத்து அனுப்பக்கூடாதா?"

சிரித்துக்கொண்டே சரி என்று சொன்னேன். தம்பி கேட்டு நான் எதைத்தான் இல்லை என்று சொல்லியிருக்கிறேன்?

அப்புறம் ஒருநாள் ஒரு கோட்டின் கையைப் பிரித்துக்கொண்டிருக்கும்போது ரேடியோவில் தொண்டையின் குரல் கேட்டது. பாலம் மேலே நின்றான். டம், டம். செருப்பில்லாமல் நின்றான். டம், டம். வீட்டுக்கு முதுகு, நாட்டுக்கு முகம், நின்றான், நின்றான், நின்றான். முதலாளியம்மா சத்தத்தைக் கூட்டி, "உன் தம்பி பாட்டுதானே இது? கேட்டா மயிர்க்கூச்செறியுதுடி" என்றாள். என் கையிலிருந்த பிளேடு தையலோடு சேர்த்துத் துணியையும் கிழித்துவிட்டது.

நேராக அவர்களுடைய ஒத்திகை அறைக்குப் போனேன். டயர் கடைக்குப் பின்னால் இருக்கிற ஷெட். சுவரெல்லாம் பழைய மெத்தைகளை ஆணியடித்து நிறுத்தியிருப்பார்கள், சத்தம் வெளியே போகாமலிருக்க. வியர்வையும் ரப்பரும் கலந்த வாடை. நான் உள்ளே போனதும் தம்பி என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கிட்டாரைக் கீழே வைத்தான்.

"யாருடா நின்னது?" என்றேன்.

"அக்கா, உக்காரு முதல்ல."

"நான் உக்கார வரல. அத்தான் எங்கடா நின்னாரு? உனக்கு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லலக்கா. ட்யூன்ல வார்த்தை உக்காரல. அவ்வளவுதான் விஷயம்."

அவன் விளக்கினான். அவர்கள் வேலை செய்கிற முறை இப்படி: முதலில் மெட்டு. வார்த்தை அப்புறம். அந்த இடத்தில் கிட்டார், கீபோர்டு எல்லாமே சட்டென்று நின்றுவிடும், டிரம்ஸ் மட்டும் இரண்டு அடி. பாட்டின் உயிரே அந்த இரண்டு அடிதானாம். 'ஓடினான்' அதற்கு ஒரு அசை அதிகம்.

"ஒரு வாரம் மல்லுக்கட்டினோம்கா" என்றான் தொண்டை. "'ஓடி'ன்னு மட்டும் பாடிப் பாத்தேன். நாய் துரத்தற மாதிரி இருந்துச்சு. அப்புறம் இவன்தான் சும்மா 'நின்றான்'னு போட்டுப் பாத்தான். கும்முனு உக்காந்துடுச்சு."

"சரி. முகத்தையும் முதுகையும் ஏன்டா மாத்தினீங்க?"

தம்பி தலையைச் சொறிந்தான். "நிக்கற ஆளு நாட்டுக்கு முதுகைக் காட்டிட்டு நின்னா நல்லாவா இருக்கும்? அதான் திருப்பிப் போட்டோம்."

எனக்கு இந்தக் கணக்குப் புரியும். இடுப்பைப் பிடித்தால் பாக்கெட் பின்னால் போகும், பாக்கெட்டை நகர்த்தினால் மடிப்பு கோணும். ஒன்றைத் தொட்டவன் எல்லாவற்றையும் தொட்டாக வேண்டும். என் தம்பிக்கு நாட்டுப்பற்றும் கிடையாது, மண்ணாங்கட்டியும் கிடையாது. அவனுக்கு வேண்டியது டம், டம். அந்த டம் டம்முக்காக என் புருஷனைக் கழுத்தைப் பிடித்துத் திருப்பி நிறுத்தியிருந்தான். கெட்ட எண்ணத்தில் செய்திருந்தால் இரண்டு அறை விட்டிருப்பேன்.

"மாத்து" என்றேன்.

"பாட்டு வெளிய வந்துடுச்சுக்கா. ஊரே பாடுது."

"ஊருக்கு என்ன தெரியும்? அவரு எனக்காக ஓடி வந்தாருடா. அது ஒண்ணுதான் எனக்கு இருக்கு. அதையும் நீ எடுத்துக்கிட்டா நான் எதை வெச்சிக்கிட்டு இருக்கறது?"

அழக்கூடாது என்று நினைத்திருந்தேன். அழுதேன். டிரம்ஸ்காரன் எழுந்து போய் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்தான்.

வீட்டுக்கு வந்தால் முன்வாசல் திறந்திருந்தது. கூடத்தில் எதிர்வீட்டுக்காரி, மாடிவீட்டுக்காரி, பெஞ்சுக் கூட்டம் மொத்தமும். நடுவில் அத்தை. தலை வாரி, பெட்டியிலிருந்து எடுத்த நல்ல துணி உடுத்தியிருந்தாள். எதிர்வீட்டுக்காரி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அக்கா, இப்படிப்பட்ட பிள்ளைன்னு" என்றாள். ஆறு வருஷமாக அவள் வீட்டுப் பால் பொங்கிக்கொண்டே இருந்ததே, எப்போது சொல்வது? நாக்கு நுனிவரை வந்தது. அத்தையின் முகத்தைப் பார்த்து விழுங்கிக்கொண்டேன்.

அதன்பிறகு வீடு வேறு வீடாகிவிட்டது. அத்தை முன்வாசல் வழியாகப் போனாள், வந்தாள். ஒரு பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டு முதல் வரிசையில் உட்காரவைத்துப் பூங்கொத்து கொடுத்தார்கள். காய்கறிக் கடைக்காரர் அவளைக் கண்டதும் மற்றவர்களை ஒதுங்கச் சொன்னார். இவ்வளவு காலம் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிடுகிறவள் இப்போது இரண்டாம் தரம் போட்டுக்கொண்டாள். தட்டுக்கு எதிரில் உட்கார்ந்து அதைப் பார்க்கும்போது எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, பற்றிக்கொண்டும் வந்தது. ரேடியோவில் பாட்டு வந்தால் அத்தை கரண்டியைக் கீழே வைத்துவிடுவாள். கண்ணை மூடி முழுசாகக் கேட்பாள். நான் எழுந்து குழாயைத் திறந்துவிட்டுப் பாத்திரம் தேய்ப்பேன்.

மைதானத்தில் பெரிய கச்சேரி என்று அறிவிப்பு வந்தது. தம்பி வந்து, பாட்டுக்கு முன்னால் நான் மேடையேறிக் கவிதையைப் படிக்க வேண்டும் என்றான். குழுவில் எல்லோருக்கும் அந்த ஆசையாம்.

"படிக்கறேன். எழுதினதை எழுதினபடி படிப்பேன். கேக்கறவங்ககிட்ட அவரு ஓடினவருன்னும் சொல்லுவேன். அதுக்கப்புறம் உன் தொண்டை 'நின்றான்'னு பாடட்டும், ஊரு உங்களைப் பாத்துச் சிரிக்கட்டும்."

"பிடிச்ச பிடியை விடமாட்டியா நீ?"

"நீ விட்டியா அந்த ரெண்டு அடியை?"

அவன் கதவைச் சாத்திய வேகத்தில் மேலே இருந்த காலண்டர் விழுந்தது. இனிமேல் இந்தப் பக்கமே வரமாட்டான் என்று நினைத்தேன். ஆனால் என் தம்பி கோபத்தை நாலு நாளுக்குமேல் வைத்துக்கொள்ளத் தெரியாதவன். கச்சேரிக்கு முந்தின நாள், வெயில் தாழ்வதற்கு முன்னாலேயே கிட்டாரோடு வந்து நின்றான். முகமெல்லாம் பல்.

"அக்கா, உக்காந்துடுச்சு! ரெண்டு அடியை மூணாக்கிட்டோம். மூணாவது அடி கொஞ்சம் தள்ளி விழுது, மூச்சு வாங்கற மாதிரி. முதல்ல இருந்ததைவிட இதுதான் கெத்து. தொண்டையே ஒத்துக்கிட்டான். நாளைக்கு மைதானத்துல இதைத்தான் பாடறோம். முதுகு முகமெல்லாம் நீ எழுதினபடியே."

கூடத்திலேயே உட்கார்ந்து பாடிக் காட்டினான். ஓ-டி-னான். டம், டம், ம், டம். அவனுக்குத் தொண்டையின் குரல் கிடையாது, காக்கைக் குரல்தான். ஆனாலும் அந்த மூன்றாவது அடி தள்ளி விழுந்தபோது எனக்கு உள்ளங்கால் கூசியது. அவர் ஓடுவது கேட்டது. தம்பியின் தலையைப் பிடித்து முத்தம் கொடுத்தேன். அவன் சட்டைக் கையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு ஓடிவிட்டான்.

திரும்பினால், சமையலறை வாசலில் அத்தை நின்றுகொண்டிருந்தாள்.

"அந்த வார்த்தை வேண்டாம்மா" என்றாள்.

"அத்தை, இது உங்களுக்குக் கஷ்டம்தான். எனக்குத் தெரியாதா?"

"வேண்டாம். தம்பிகிட்டச் சொல்லிடு. இப்ப இருக்கறதே இருக்கட்டும்."

"ஏன்? தெரு என்ன சொல்லும்னா? பெத்த பிள்ளையவிட அந்த நாலு பொம்பளைங்க உங்களுக்குப் பெருசாப் போயிட்டாங்களா? அவரு ஓடி வந்தாரு அத்தை. அதுல என்ன கேவலம்? நம்மளைப் பாக்கத்தானே ஓடி வந்தாரு. வர்ற வழியில சுட்டுட்டாங்க. இதை வாய்விட்டுச் சொல்றதுக்கு எனக்கு ஒரு பயமும் இல்ல."

அத்தை அடுப்பை அணைத்தாள். முந்தானையில் கையைத் துடைத்தாள். துடைத்த கையையே திரும்பத் திரும்பத் துடைத்தாள்.

"வர்ற வழியில இல்ல" என்றாள்.

எனக்கு விளங்கவில்லை. "என்ன இல்ல?"

"அவன் வந்துட்டான். மத்தியானமே வந்துட்டான். பின்வாசல் வழியா."

நான் அப்போது வீட்டில் இல்லை. என் அம்மா வழுக்கி விழுந்து காலை உடைத்துக்கொண்டிருந்தாள், பார்த்துக்கொள்ளப் போயிருந்தேன். அத்தை தனியாக இருந்தாள். இதெல்லாம் எனக்குத் தெரிந்ததுதான். ஆனால் அன்றைக்கு அந்த வீட்டுக்குள் அவர் இருந்தார் என்பதை மட்டும் நான் ஒரு நாளும் நினைத்ததில்லை.

"கால்ல செருப்பில்ல. ரத்தம். கழுவி விட்டேன். 'அவ இல்லையாம்மா?'ன்னு கேட்டான். அம்மா வீட்டுக்குப் போயிருக்கா, நாளைக்கு வந்துடுவான்னு சொன்னேன். 'நாளைக்கு வரைக்கும் ஒளிச்சு வைம்மா, அவளைப் பாத்துட்டு எங்கேயாவது போயிடறேன்'னான். எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. எதிர்வீட்டு ஜன்னல் திறந்து கிடந்துச்சு. தேடி வந்தா வீட்டையே கொளுத்திடுவாங்கன்னு அப்ப எல்லாரும் பேசிக்கிட்டிருந்தாங்க. இருட்டறதுக்குள்ள திரும்பிப் போயிடுப்பான்னு நான்தான் சொன்னேன். அம்மாவுக்கு உடம்பு முடியல, பாத்துட்டு வரப் போனேன்னு சொல்லு, மன்னிச்சிடுவாங்கன்னு சொன்னேன். சாப்பாடு போட்டேன். சட்டைக் கை கிழிஞ்சிருந்துச்சு. கிழிசலோட போனா மரியாதையா இருக்காதேன்னு அவன் சாப்பிட்டு முடிக்கறதுக்குள்ள தைச்சுக் குடுத்தேன்."

"அவரு ஒண்ணும் சொல்லலையா?"

"என்னைக்குச் சொன்னான்? சரிம்மான்னான்." அத்தை சுவரைப் பிடித்துக்கொண்டாள். "ஒளிஞ்சு போகாத, பாலத்து நடுவுல நேரா நடந்து போ, அப்பத்தான் திரும்பி வர்றவன்னு அவங்களுக்குத் தெரியும்னு சொல்லி அனுப்பினேன். நான் சொன்னபடியேதான் போயிருக்கான்."

அவளைத் தாண்டிப் பின்வாசலைப் பார்த்தேன்.

"ஆறு வருஷமா எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ அந்தக் கவிதையை எழுதி எனக்குப் படிச்சுக் காட்டினியே, அப்பச் சொல்லலாம்னு இருந்தேன். வீட்டுக்கு முகம்னு படிச்ச. எனக்கு வாய் அடைச்சுப்போச்சு. அப்புறம் தம்பி பாட்டு வந்துச்சு. அந்தப் பாட்டுல அவன் வீட்டுக்கே வரல. பாலத்துலேயே நிக்கறான். வீட்டுக்கு வராதவனை நான் எப்படித் திருப்பி அனுப்பியிருக்க முடியும்? அதைக் கேக்கற அன்னைக்கு மட்டும்தான் எனக்குத் தூக்கம் வருதும்மா."

அவளைக் கொன்றுவிடலாம் போல இருந்தது. பொய்யில்லை, அப்படித்தான் இருந்தது. அவர் கேட்டது ஒரு ராத்திரி. ஒரே ஒரு ராத்திரி. விடிந்ததும் நான் வந்திருப்பேன், முதல் பேருந்துக்கே வந்தேன். அவர் எனக்காக ஓடி வந்தது உண்மை. அதை அவர் வாயாலேயே சொல்லியிருக்கிறார், 'அவ இல்லையா' என்று. அந்த வார்த்தையை இவள் ஆறு வருஷம் மடியில் கட்டி வைத்திருந்தாள். செத்தபோது அவருக்கு வீடு முதுகுப்பக்கம் இருந்திருக்கிறது. ஒன்றும் தெரியாமல், டம் டம்முக்காகத் திருப்பிப் போட்ட பயல்களின் வரிதான் சரி. கண்ணீர்விட்டு எழுதிய என் வரி தப்பு.

கத்தியிருக்கலாம். பெட்டியைத் தூக்கிக்கொண்டு என் அம்மா வீட்டுக்குப் போயிருக்கலாம். அத்தைக்கு மாத்திரை போடும் நேரமாகியிருந்தது. எடுத்துக் கொடுத்தேன். வாங்கிப் போட்டுக்கொண்டாள்.

மறுநாள் சாயங்காலம் மேடைக்குப் பின்னால் ஒரே வயரும் பெட்டியுமாகக் கிடந்தது. தம்பி கறுப்புச் சட்டையில் பெரிய மனுஷன் மாதிரி இருந்தான். நான் கையை உயர்த்தியதும் ஓடி வந்தான்.

"பழசையே பாடு" என்றேன்.

"என்னது?"

"ரெண்டு அடி. நின்றான். அதையே பாடு."

"அக்கா, விளையாடறியா? ராப்பகலா உக்காந்து மாத்தியிருக்கோம். நீதானே அழுத?"

"நான்தான் அழுதேன். இப்ப நான்தான் சொல்றேன்."

அவன் முன்வரிசைப் பக்கம் எட்டிப் பார்த்தான். அங்கே அத்தை உட்கார்ந்திருந்தாள், இரண்டு பக்கமும் பெஞ்சுக் கூட்டம். அவனுக்கு ஏதோ புரிந்தமாதிரி தலையை ஆட்டினான்.

"அத்தைக்காக விட்டுக் குடுக்கறியா? உனக்குப் பெரிய மனசுக்கா."

"வாயை மூடிட்டுப் போ" என்றேன். அதையும் அவன் பெரிய மனசு என்றே எடுத்துக்கொண்டான்.

என்னை மேடைக்குக் கூப்பிட்டார்கள். கவிதை எழுதிய தாள் கையில் இருந்தது. அதைப் படிப்பதா, சும்மா வணக்கம் சொல்லி இறங்கிவிடுவதா என்று அப்போதும் எனக்குத் தெரியவில்லை. விளக்கு வெளிச்சத்தில் கண் கூசியது. முன்வரிசை மட்டும் தெரிந்தது, அதற்குப் பின்னால் வெறும் இருட்டும் இரைச்சலும். நிகழ்ச்சி நடத்துகிற பெண் ஜிகினா வைத்த கோட்டு போட்டிருந்தாள். தோள் அவளுக்குப் பொருந்தவில்லை, இரண்டு விரல் ஏற்ற வேண்டும். மைக்கை என் வாய்க்கு நேராகப் பிடித்தாள்.

"இந்தப் பாட்டோட நாயகன் உங்க கணவர். நீங்க கவிதை படிக்கறதுக்கு முன்னாடி எங்க எல்லாருக்காகவும் ஒண்ணு சொல்லுங்க. அவ்வளவு தைரியம் அவருக்கு எங்கேர்ந்து வந்துச்சு? கடைசி நிமிஷத்துல ஓடாம நிக்கறதுக்கு?"

முன்வரிசையில் அத்தை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். மடியில் யாரோ கொடுத்த பூங்கொத்து. அவள் உதடு அசைந்தது. வேண்டாம் என்று சொல்கிறாள் என்று நினைக்கிறேன். பயப்படாதீர்கள், நீங்கள் நினைக்கிற வார்த்தையை நான் சொல்லப்போவதில்லை என்று அவளுக்குச் சொல்ல வேண்டும் போல இருந்தது. அதே சமயம், என் நெஞ்சில் முந்தின நாள் முதல் கல்லாகக் கிடந்தது தானாக வாய்க்கு வந்துவிட்டது.

"எங்கேர்ந்தும் வரல" என்றேன். "அவரு அம்மா பேச்சைத் தட்டாதவரு. கடைசி நாளும் அவங்க அம்மா என்ன சொன்னாங்களோ, அதைத்தான் செஞ்சாரு. பாலத்துல போய் நின்னது அவங்க சொல்லித்தான்."

 கைதட்டல் கிளம்பியது. ஜிகினாப் பெண் ஒரு கையை நெஞ்சில் வைத்துக்கொண்டாள். நிஜமாகவே அவளுக்குக் கண் கலங்கியிருந்தது.

"அந்தத் தாய் இங்கதான் இருக்காங்க!" என்று கத்தினாள். "பெத்த பிள்ளையை நாட்டுக்குன்னு அனுப்பி வெச்ச தாய்! அம்மா, தயவுசெஞ்சு எழுந்திருங்க, எல்லாரும் உங்களைப் பாக்கட்டும்!"

மேலேயிருந்து ஒரு விளக்கு திரும்பி முன்வரிசையில் விழுந்தது. பெஞ்சுக் கூட்டம் ஆளுக்கொரு கைபிடித்து அத்தையைத் தூக்கி நிறுத்தியது. எதிர்வீட்டுக்காரி அழுதுகொண்டே தட்டினாள். ஆயிரக்கணக்கான பேர் எழுந்துவிட்டார்கள். யாரோ ஒருவன் காலால் தரையை உதைத்தான், இரண்டு உதை, பக்கத்தில் இருந்தவன் சேர்ந்துகொண்டான், கொஞ்ச நேரத்தில் மைதானம் முழுக்க அந்த இரண்டு உதைதான். டிரம்ஸ்காரன் அதைப் பிடித்துக்கொண்டான். தொண்டை ஓடி வந்து மைக்கை எடுத்தான்.

அந்த மைதானத்தில் நான் சொன்னதன் அர்த்தம் தெரிந்தவர்கள் இரண்டே பேர். அத்தை வெளிச்சத்தில் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். வாங்கிக்கொள்கிற முகம். மாத்திரையை வாங்கிக்கொண்ட மாதிரியே அதையும் வாங்கிக்கொண்டாள்.

பாட்டு தொடங்கியது. 'நின்றான்' வரும்போதெல்லாம் கூட்டம் அவள் பக்கம் திரும்பிக் கை நீட்டியது. விளக்குப் போடுகிறவனுக்கு அது பிடித்துப்போயிருக்க வேண்டும், வெளிச்சத்தை அவள் மேலிருந்து எடுக்கவே இல்லை. அவளுக்கு முட்டிவலி. கொஞ்ச நேரத்துக்குமேல் நின்றால் இடது கால் நடுங்க ஆரம்பிக்கும். நடுங்கியது. பூங்கொத்தை மார்போடு பிடித்தபடி அப்படியே இருந்தாள். அவளை உட்காரச் சொல்ல வேண்டும் என்று அங்கே எனக்கு மட்டும்தான் தோன்றியது.

நான் சொல்லவில்லை.